சிங்கப்பூரில் வாடகை வீடு: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

விளம்பரத்தில் '4 அறை வீடு' என்று பார்த்ததும் நான்கு படுக்கையறை என்று எண்ணிவிட வேண்டாம். வீவக, அதாவது அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கணக்கில் கூடமும் ஓர் அறை. 3 அறை வீட்டில் படுக்கையறை இரண்டு, 4 அறையில் மூன்று, 5 அறையிலும் பெரும்பாலும் மூன்றுதான். கூடம் மட்டும் பெரிது. தனியார் அடுக்குமாடியான கொண்டோவில் இந்தக் குழப்பம் இல்லை, '2 பெட்ரூம்' என்றால் இரண்டு படுக்கையறை. சென்னையிலிருந்து வந்திறங்கி 'டூ பிஎச்கே' தேடுகிறவர் வீவக பக்கம் பார்க்க வேண்டியது 3 அறை வீட்டைத்தான்.

இந்தக் குறிப்பில் அதிக இடம் பிடிப்பது ஒப்பந்தம். வாடகையில் பேரம் பேசி மாதம் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்தால் இரண்டு ஆண்டில் 1,200 வெள்ளி மிச்சம். ஒரு விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் போவது இரண்டு மாத வாடகை.

உங்களுக்கு எந்த வீடு கிடைக்கும்

வீடு தேடத் தொடங்கும் முன், சிங்கப்பூரில் இருப்பதற்கான உங்கள் அனுமதி அட்டையைப் பாருங்கள். வீவக வீட்டில் குடியேற, விண்ணப்பிக்கும் நாளில் அட்டைக்குக் குறைந்தது 6 மாதம் ஆயுள் இருக்க வேண்டும். புதுப்பிப்பு நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் மலேசியராக இருந்தால்தான் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியும்.

அடுத்தது ஒதுக்கீட்டு வரம்பு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட, வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் உரிமையாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வீவக அனுமதி தராது. இந்தியக் குடும்பங்கள் விரும்பிப் போகும் புளோக்குகளில் இது நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் 'ஒதுக்கீடு இருக்கிறதா, பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். வீவக இணையத்தளத்தில் ஒரு நிமிட வேலை. அறை வாடகைக்கும் கொண்டோவுக்கும் இந்த வரம்பு கிடையாது.

முழு வீட்டையும் வாடகைக்கு விட, உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், வீட்டில் தாமே குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்தையும் முடித்திருக்க வேண்டும். நிரந்தரவாசி ஒருவர் தம்முடைய வீவக வீட்டை முழுதாக வாடகைக்குத் தருகிறேன் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். தாமே வாடகைக்கு இருக்கும் ஒருவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விடுவதும் செல்லாது. வாடகைக் காலம் வீவக வீட்டில் குறைந்தது 6 மாதம், தனியார் வீட்டில் 3 மாதம்.

நண்பர்கள் சேர்ந்து எடுப்பதாக இருந்தால்: உறவல்லாதவர்கள் ஒரு வீட்டில் 6 பேர் என்பதுதான் விதி. 2024 ஜனவரி 22 முதல், 4 அறையும் அதற்கு மேலும் உள்ள வீவக வீடுகளிலும், 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும் இது தற்காலிகமாக 8 பேராக உயர்த்தப்பட்டது. 3 அறை வீட்டில் எட்டுப் பேர் என்றால், அது விதி மீறல். பலகை அடித்துப் பிரித்த அறையும், பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) போட்ட படுக்கையும் அப்படித்தான்.

கையில் எவ்வளவு வேண்டும்

மாத வாடகை 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 3,000. வைப்புத்தொகை வழக்கமாக ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் 6,000. முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையான 72,000இல் 0.4 விழுக்காடு, அதாவது 288 வெள்ளி. ஆகச் சாவி கைக்கு வரும் முன் 9,288 வெள்ளி போயிருக்கும். உங்களுக்கென்று முகவர் வைத்திருந்தால் அவருடைய தரகும், அவருடைய நிறுவனம் பொருள் சேவை வரிக்குப் பதிந்திருந்தால் அந்தத் தரகின் மேல் 9 விழுக்காடும் சேரும். மின்சாரம், தண்ணீருக்கு எஸ்பி குழுமத்தில் கணக்குத் திறக்கும்போது தனியாக ஒரு வைப்புத்தொகை. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் சம்பளம் வருவதற்குள் இவ்வளவும் தேவைப்படும். அதனால்தான் பலர் முதல் ஆறு மாதம் அறை எடுத்துவிட்டுப் பிறகு வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல யோசனைதான்.

கேட்கிற வாடகை நியாயமா

விளம்பரத்தில் இருப்பது உரிமையாளரின் ஆசை. உண்மையில் கையெழுத்தான வாடகை அரசாங்கத் தளங்களில் இருக்கிறது. வீவக தளத்தில் புளோக் வாரியாக, வீட்டு வகை வாரியாக எந்த மாதம் எவ்வளவுக்கு அனுமதி பெற்றது என்று பார்க்கலாம். கொண்டோவுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளம். அதே புளோக், அதே வகை, கடந்த மூன்று மாதம் என்று பார்த்து, கிடைத்ததில் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மிக அதிகமான ஒன்றைக் காட்டி 'பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போனது' என்று முகவர் சொன்னால், மற்ற ஐந்தை நீங்கள் காட்டலாம்.

2022இல் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது, 2023இல் 8.7 விழுக்காடு. கொவிட் காலத்தில் கட்டுமானம் தாமதமாகி, புது வீட்டுக்குக் காத்திருந்த உள்ளூர்க் குடும்பங்களும் திரும்பி வந்த வெளிநாட்டவரும் ஒரே நேரத்தில் வாடகைச் சந்தைக்கு வந்தார்கள். வீடுகள் கட்டி முடிந்ததும் 2024இல் குறியீடு 1.9 விழுக்காடு இறங்கியது. 2022 நினைவிலேயே இன்னமும் விலை சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. வீடு ஒரு மாதத்துக்கு மேல் காலியாகக் கிடந்தால் பேச இடம் இருக்கிறது. வாடகையில் இறங்காதவர்கள்கூட ஏசி சர்வீஸ், புது மெத்தை, ஒப்பந்த விதிகள் என்று வேறு இடத்தில் இறங்கி வருவார்கள்.

'எம்ஆர்டிக்கு 5 நிமிடம்'

செங்காங்கிலும் பொங்கோலிலும் இந்த வரியைக் கண்டால், பெரிய ரயிலான எம்ஆர்டியா, வட்டாரத்துக்குள் மட்டும் ஓடும் சிறு ரயிலான எல்ஆர்டியா என்று கேளுங்கள். எல்ஆர்டி என்றால் அதற்காகக் காத்திருந்து, ஏறி, இறங்கி, ரயில் மேடைக்குப் போய்ச் சேர இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் நம்மவர் அதிகம் குடியேறுவதற்கு வடக்கு கிழக்கு ரயில் பாதை ஒரு பெரிய காரணம். ஃபேரர் பார்க்கும் லிட்டில் இந்தியாவும் அதே பாதையில் இருப்பதால் தேக்கா சந்தைக்கு ரயில் மாறாமல் போகலாம். சாங்கி பிஸினஸ் பார்க்கில் வேலை என்றால் தெம்பனிஸ், சீமெய், பிடோக் பக்கம் பாருங்கள். பொங்கோலிலிருந்து அங்கே போவது தினமும் ஒரு சுற்றுப்பயணம்.

வீட்டைச் சனிக்கிழமை மதியம் பார்த்துவிட்டுப் பயண நேரத்தை முடிவு செய்யாதீர்கள். வார நாளில் காலை 8 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் அட்டையைத் தட்டினால் வார நாள்களில் 50 காசு வரை கட்டணக் கழிவும் உண்டு.

வீட்டுக்குள் எதைப் பார்க்க வேண்டும்

நம் வீட்டு வாடகைச் சண்டைகளில் பாதி அடுப்பங்கரையில் தொடங்குகிறது. முதலில் அங்கே போங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி, புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் ஒரு மாதம் தாளித்தால் மேல் அலமாரியின் அடிப்பக்கம் பிசுபிசுக்கும், காலி செய்யும் நாளில் அது உங்கள் கணக்கில் எழுதப்படும். சமையல் மேடை வெள்ளைப் பளிங்கா? மஞ்சள் சிந்திய ஒரு மணி நேரத்தில் கறை பிடிக்கும். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பளிங்கின் மெருகையே அரித்து மங்கலான வட்டங்களை விட்டுவிடும், துடைத்தால் போகாது. கிரானைட் என்றால் கவலை குறைவு. மற்றதெல்லாம் பிடித்துப் பளிங்கு மட்டும் உறுத்தினால், மேடை மேல் கண்ணாடிப் பலகையோ தடித்த விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

ஏசியை வந்ததும் போட்டுவிட்டு, போகும்போது பாருங்கள். இருபது நிமிடம் ஓடினால்தான் குளிர்கிறதா, சொட்டுகிறதா என்று தெரியும். குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டுச் சமையலறைக் குழாயையும் திறந்து, தண்ணீர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். கழிவறைக் கூரையில் பழுப்பு வளையமோ உரிந்த சாயமோ இருந்தால் மேல்வீட்டுக் கசிவு. அதைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரரின் ஒத்துழைப்பும் வேண்டும் என்பதால் மாதக் கணக்கில் இழுக்கும். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, படுக்கையறை மேற்கே பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். மாலை வெயிலில் சூடேறிய சுவர் இரவு முழுக்க ஏசி பில்லில் தெரியும். பழைய புளோக்குகளில் குப்பையைக் கீழே தள்ளும் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். வசதிதான், ஆனால் கரப்பான் பூச்சிக்கும் அதுதான் வாசல்.

சமையல் பேச்சை நீங்களே எடுத்துவிடுங்கள். இந்தியக் குடும்பம் என்றதுமே சில உரிமையாளர்கள் 'லைட் குக்கிங்' என்பார்கள், சிலர் வீடு போய்விட்டது என்பார்கள். இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரங்களைப் போடக் கூடாது என்று முகவர்களுக்குச் அவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவைகள் மன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. தொலைபேசியில் நடப்பதற்கு அந்த அறிவுரை எட்டுவதில்லை. 'தினமும் சமைப்போம், தாளிப்போம், மூன்று மாதத்துக்கொரு முறை புகைபோக்கியைச் சுத்தம் செய்வோம்' என்று முதலிலேயே சொல்லி, அதையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'ஓகே லா' என்றது பத்து மாதம் கழித்து யாருக்கும் நினைவில் இருக்காது.

முகவரும் முன்பணமும்

முகவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் சொத்து முகவைகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். பதிவெண் மட்டும் பொருந்தினால் போதாது, உண்மையான முகவரின் பதிவெண்ணை மோசடிக்காரர் திருடிப் போடுவது வழக்கம். உங்களோடு பேசும் எண்ணும் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே முகவர் இரண்டு தரப்புக்கும் வேலை செய்யக் கூடாது. உரிமையாளரின் முகவர் உங்களிடமும் தரகு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

வீவக வாடகைப் பரிமாற்றத்தில் முகவர் உங்கள் பணத்தைக் கையால் தொடக் கூடாது. வைப்புத்தொகையும் வாடகையும் நேரே உரிமையாளரின் கணக்குக்குப் போக வேண்டும். 'நிறையப் பேர் கேட்கிறார்கள், பேநவ் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) வழியே 500 வெள்ளி போட்டால் வீட்டைக் காட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால் அது மோசடி, விவாதமே வேண்டாம். ஐயம் இருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. வீடு உரிமையாளருடையதுதானா என்பதைச் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் சில வெள்ளி கட்டித் தெரிந்துகொள்ளலாம். உரிமையாளர்களும் உங்கள் கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை இரண்டின் அசலையும் கேட்பார்கள். சட்டப்படி அவர்கள் சரிபார்த்தே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பந்தம்

முதலில், வீட்டை எடுக்கும் விருப்பத்தைச் சொல்லும் எண்ணக் கடிதம், எல்லாரும் 'எல்ஓஐ' என்பார்கள். அதோடு ஒரு மாத வாடகை முன்பணமாகப் போகும். உங்கள் நிபந்தனைகளை இந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள், பணம் போன பிறகு எதையும் சேர்க்க வலு இருக்காது. ஒப்பந்தத்துக்குச் சொத்து முகவைகள் மன்றத்தின் தளத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. உரிமையாளர் வேறொன்றைத் தந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

டிப்ளமேட்டிக் கிளாஸ் என்னும் விதியை இரண்டு முறை படியுங்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ ஒப்பந்தத்தை முன்னதாக முடித்துக்கொள்ளும் உரிமை அது. வழக்கமான வடிவத்தில், 12 மாதம் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் தர முடியும், நோட்டீஸ் காலம் 2 மாதம். 2026 மார்ச் 1இல் குடியேறினால், 2027 ஏப்ரல் இறுதிக்கு முன் வெளியேற வழியில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று பெயர், உண்மையில் 14 மாதம் பூட்டு.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்னும் வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்கத்தான் அனுமதி கிடைக்கும். அதாவது நாட்டை விட்டுப் போக ஒரு மாதம், வீட்டை விட்டுப் போகவோ இரண்டு மாதம். ஆறாவது மாதத்தில் வேலை போனால் இந்த விதி உதவவே உதவாது. வைப்புத்தொகை 6,000 வெள்ளியை விட்டுவிட்டுப் போவது, அல்லது அவசரமாக மாற்று ஆள் பிடித்துக் கொடுப்பது, இந்த இரண்டில் ஒன்றில்தான் முடியும். ஆகவே கேட்க வேண்டியது: 12 மாதத்துக்குப் பதில் 6 மாதம், 2 மாத நோட்டீஸுக்குப் பதில் 1 மாதம், கூடவே 'மாற்றுக் குடித்தனக்காரரைக் கொண்டுவந்தால் உரிமையாளர் காரணமின்றி மறுக்கக் கூடாது' என்று ஒரு வரி. மூன்றும் கிடைக்காது, ஒன்று கிடைக்கும். ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்த விதி பெரும்பாலும் இருக்கவே இருக்காது, கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அதன் நிழலில் இன்னொரு விதி நிற்கும்: முன்னதாகப் போனால், உரிமையாளர் தம் முகவருக்குக் கொடுத்த தரகில் மீதிக் காலத்துக்கான பங்கை நீங்கள் தர வேண்டும். தரகு 3,000, நீங்கள் இருந்தது 14 மாதம் என்றால், 24இல் 10 பங்கு, 1,250 வெள்ளி.

சிறு பழுது விதியில் ஒரு சொல் பணத்தை மாற்றும். 'முதல் 200 வெள்ளி குடித்தனக்காரர்' என்றிருந்தால், 350 வெள்ளிச் செலவில் உங்களுக்கு 200, உரிமையாளருக்கு 150. '200க்கு மேற்பட்ட பழுது உரிமையாளர் பொறுப்பு' என்றிருந்தால் முழு 350யும் அவர் தலையில் என்று வாதிடலாம். எது என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். குடியேறிய முதல் 30 நாளில் தெரியவரும் பழுதுகள் உரிமையாளர் செலவு என்பதும் வழக்கமான விதிதான், அது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் செலவில் சர்வீஸ். ரசீதைத் தொலைத்தால் சர்வீஸ் செய்யாததற்குச் சமம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இரண்டு மாதம் தங்குவார்கள் என்றால் விருந்தினர் விதியையும் பாருங்கள்.

காலத்தைக் கணக்கிடும்போது ஒரு பொறி இருக்கிறது. வைப்புத்தொகை போன்ற சிறு பணத் தகராறுகளைத் தீர்க்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். '24 மாதத்தோடு இரண்டு வாரம் இலவசம்' என்று அதையும் ஒப்பந்தக் காலத்தில் சேர்த்து எழுதினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். இலவச வாரங்களை வாடகைக் குறைப்பாக எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்தானதும் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மூன்று மாதம் வரை தாமதித்தால் தீர்வைக்குச் சமமான தொகை அபராதம், அதையும் தாண்டினால் நான்கு மடங்கு. 'நான் கட்டிவிடுகிறேன்' என்று முகவர் சொன்னால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை வழக்கில் சான்றாகக் காட்ட முடியாது.

அறை மட்டும் எடுப்பவர்களுக்கு

உரிமையாளரும் அதே வீட்டில் இருந்தால் சட்டத்தைவிட வீட்டு விதிகள்தாம் தினசரி வாழ்க்கை. ஏசி இரவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பியூபி பில் (மின்சார, தண்ணீர்க் கட்டணம்) வாடகையில் சேர்த்தியா, துணி துவைக்க எந்த நாள், குளிர்பெட்டியில் எந்தத் தட்டு, முட்டை மீன் வைக்கலாமா, இவற்றை முதலிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் பெயரை வீவகவில் பதிவார்களா என்று நேராகக் கேளுங்கள். 'அதெல்லாம் எதற்கு' என்ற பதில் வந்தால் வேறு அறை பாருங்கள்.

சாவி வாங்கும் நாளும் கொடுக்கும் நாளும்

பெட்டிகளை உள்ளே கொண்டுபோகும் முன் காலி வீட்டைப் படமெடுங்கள். சுவர், தரை, அலமாரியின் உட்புறம், அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியின் அடிப்பக்கம், மெத்தையின் இரண்டு பக்கமும், மின்சார மீட்டர். பிறகு அவற்றை அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கைப்பேசியில் மட்டும் இருக்கும் படத்துக்குத் தேதியைப் பற்றிச் சண்டை வரும், அனுப்பிய அஞ்சலுக்கு வராது. எத்தனை சாவி, எத்தனை நுழைவு அட்டை என்பதையும் அதில் எழுதுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 28 நாளுக்குள் முகவரி மாற்றத்தைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் சொல்லுங்கள்.

காலி செய்யும்போது 'கடைசி இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்' என்பது பலருக்குத் தோன்றும் யோசனை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. ஒரு வாரம் முன்பே உரிமையாளரை அழைத்துச் சேர்ந்து சுற்றிப் பாருங்கள். அவர் சொல்லும் குறைகளை உங்கள் ஆளை வைத்துச் சரிசெய்தால், அவருடைய ஆள் போடும் பில்லைவிடக் குறைவாகவே முடியும். ஆணி அடித்த துளைகள், ஏசி ரசீதுகள், திரைச்சீலை சலவை, புகைபோக்கி, இவைதான் வழக்கமான நான்கு. வெயிலில் மங்கிய சாயமும் நடந்து தேய்ந்த தரையும் இயல்பான தேய்மானம், அதற்குப் பிடித்தம் செய்யக் கூடாது.

பணம் திரும்பவில்லையா? ஒப்பந்தத்தில் சொன்ன நாள், பெரும்பாலும் 14, முடிந்ததும் தொகையையும் காரணத்தையும் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். பிறகும் அசையாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம்வழி மனு. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, இரண்டு பக்கமும் தாங்களேதான் பேச வேண்டும். முத்திரைச் சான்றிதழ், குடியேறிய நாள் அனுப்பிய படங்கள், ஏசி ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, இந்த நான்கையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.